இரண்டு வரிசை தாழ்ந்த ஜன்னல்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உன் முதுகுவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

இங்கே ஒரு வீட்டுக்குச் சமையலறைச் சுவர் எழுப்புகிறோம். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், நன்றாக ஊறவைத்துத்தான் வைக்கிறேன். அதிலெல்லாம் குறையில்லை. ஆனால் நேற்று ஜன்னலுக்கு நான் விட்ட இடம், வரைபடத்தில் இருந்ததைவிட இரண்டு வரிசை தாழ்ந்துவிட்டது.

"யாரை மனசுல நிக்கவச்சுப்பா அளந்தே?" என்று மேஸ்திரி சிரித்தார். நான் மேலும் இரண்டு வரிசை செங்கல் வைத்தேன்.

ஊரில் நாம் கட்டும் வீட்டின் சமையலறை ஜன்னலை வேறு யாரிடமும் விடாதே. நான் வந்து வைக்கிறேன்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. பாப்பா எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று ஒரு நூலில் அளந்து அனுப்பு. உன் உயரம் எனக்குத் தெரியும். இப்போது மேஸ்திரிக்கும் தெரிந்துவிட்டது.

பாப்பாவின் அப்பா