மூன்றாம் இடத்துப் பட்டை

ஹே ஊர்,
ஜூன் 17

அன்புள்ள ராஸ்லின்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நாலு தடவை படித்துவிட்டேன், வராந்தாவில் நடந்துகொண்டேதான். உட்கார இன்னும் இடுப்பு விடவில்லை. இதையும் சமையல் மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்தைக் குறை சொல்லாதே.

முதலில் நல்ல சேதி. ஒழுகும் குழாயைச் சரிசெய்துவிட்டேன். நாய் நன்றாகத் தின்கிறது. பிசியோதெரபிஸ்ட் மார்கெட்டா சொன்ன பயிற்சிகளைக் காலையும் மாலையும் செய்கிறேன். முழங்கையும் கால்விரலும் மட்டும் தரையில் பட, உடம்பைப் பலகைபோல நிறுத்த வேண்டும். ஒரே நாளில் இருநூறு ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தவன் நான். பன்னிரண்டு விநாடியில் வயிறு நடுங்கிக் குப்புற விழுந்தேன். இப்போது நாற்பது விநாடி நிற்கிறேன்.

இன்னொன்று, மல்லாந்து படுத்து, கைகால்களை மேலே தூக்கி, முதுகு தரையை விட்டு எழும்பாமல் ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் மெல்ல இறக்குவது. அதைப் புல்தரையில் செய்தபோது பக்கத்து வீட்டு கிளைவ் வேலிக்கு மேலாகப் பார்த்திருக்கிறார். தானாக எழ முடியாமல் மல்லாந்து கிடக்கும் ஆட்டைக் கண்டு நம் ஊரில் யார் சும்மா போவார்கள்? ஓடி வந்து என் இடுப்பைப் பிடித்து ஒரே புரட்டு. நான் கத்தினால், "கைகாலை அப்படி வெச்சிருந்தா நான் வேற என்னத்தய்யா நெனைக்கிறது? கை தானா புரட்டிடுச்சு" என்கிறார்.

அடுத்ததைச் சொன்னால் திட்டுவாய். போன மாதம் கிளைவின் இரண்டு ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கிறேன் என்று போனேன். கார் கொட்டகை உத்தரத்தில், குனிந்து கத்தரிக்கும்போது உடம்பைத் தாங்கும் பழைய பட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு முதல் ஆட்டை மூன்று நிமிடத்தில் முடித்தேன். வலியே இல்லை. இரண்டாவதை இழுத்து வரப் பட்டையை அவிழ்த்தேன், ராஸ். இடுப்பு பிடித்து அங்கேயே விழுந்தேன். கிளைவ்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மார்கெட்டா திட்டவில்லை. "பட்டை மேல குத்தமில்லைங்க. பட்டை தாங்குதுன்னு பதினெட்டு வருஷமா வயித்தைச் சும்மா விட்டுட்டீங்க. முதுகெலும்பைச் சுத்தி நாலு பக்கமும் தசைங்க ஆள் மாதிரி நின்னு பிடிக்கணும். உங்களுக்கு ஒரு ஆளும் வேலைக்கு வரலையே" என்றாள். வசந்தத்துக்குள் வேலைக்குத் திரும்பத் தயாராகிவிடுவேனா என்று கேட்டேன். இன்னும் பத்து தடவை செய்யச் சொன்னாள்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் என் மூன்றாம் இடத்தில் நின்று, என் பட்டையை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறாய், அதில் என் வியர்வை வாசம் அடிக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துச் சிரித்தேன். அதற்குக் கீழே, சாயங்காலமானால் இடது கால் மரத்துப் போகிறது, பூட்ஸ் இறுக்கமாக இருக்கும்போல என்று ஒரே ஒரு வரி.

எனக்கும் முதலில் மரத்துப் போனது இடது கால்தான் ராஸ். நானும் பூட்ஸைத்தான் குறை சொன்னேன். இரண்டு ஜோடி மாற்றினேன். உனக்குச் சொல்லவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

கான்ட்ராக்டர் பாரிக்கு நேற்று போன் செய்தேன். "அவ பாதியில கெளம்பினா மூணாம் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுருவேன். அப்புறம் ரெண்டு பேரும் வந்து என் வாசல்ல நிக்கக் கூடாது" என்றார். எனக்காகத்தான் நீ அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். நான் திரும்ப வந்து நிற்பேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவனும் நான்தான்.

வேறு ஆளையே போட்டுக்கொள்ளட்டும். நானே அவரிடம் சொல்லிவிட்டேன். பட்டையை அவிழ்த்து அங்கேயே மாட்டிவிட்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடு. பெட்டியைத் தூக்காதே, கிளைவ் வந்து தூக்குவார். மார்கெட்டாவிடம் உனக்கும் நேரம் வாங்கிவிட்டேன். புல்தரையில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

உன் கால் உன்னை நல்லபடியாக வாசல்வரை நடத்திக் கொண்டுவரட்டும்.

உன்,
டெஸ்மண்ட்