பம்பரில் ஒரு கோணல் மூடி

அக்டோபர் 26, ஞாயிறு

விடியற்காலையோடு மழை விட்டது. வண்டியைக் கழுவினேன். இரண்டாம் கை கார், வாங்கிப் பதினோரு மாதம். ஞாயிறுக்கு ஞாயிறு தவறாமல் குளியல் உண்டு. எனக்கே அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

முன் பம்பரைத் துடைக்கும்போது கை நின்றது. ஆயுத பூசைக்கு நான் போட்ட மூன்று பட்டை. சந்தனம் மழையில் கரைந்துவிடும் என்று, கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டால் பம்பர் முழுக்க இழுத்தது. ("சாமி கும்புட்றியா, சுண்ணாம்பு அடிக்கிறியா?" அன்று மனைவி கோமதி கேட்டது.)

வலது ஓரத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதுரம். அதற்குள் மட்டும் பட்டை நெட்டுக்குத்தாக நிற்கிறது. மற்ற இடமெல்லாம் படுக்கை. சிவன் கோயிலில் கிளம்பி வழியில் பெருமாளையும் சேவித்துவிட்டு வருகிறது பம்பர். விரலால் தட்டினேன், ஆடியது. மூடி! பதினோரு மாதமாகத் துடைக்கிறேன், அங்கே ஒரு மூடி இருப்பதே தெரியாது. அதன் மேலேயே பெயிண்டும் அடித்திருக்கிறேன். விளிம்பில் பெயிண்ட் உரிந்திருக்கிறது.

மூடி இருந்தால் உள்ளே ஏதோ இருக்கும். மூடி திரும்பியிருந்தால் எவனோ திறந்திருப்பான்.

சந்தேகம்:
1. வண்டியை விற்றவன். அதிகம் சிரித்தான்.
2. மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் செல்லத்துரை. தென்காசிப் பக்கம். பி ஷிப்ட், காலையெல்லாம் வீட்டில்தான்.
3. தண்ணீர் லாரிக்காரன். காரணம் இல்லை. முகம் சரியில்லை.

கி.மீ. 48,206. இனி தினமும் குறிப்பது.

அக்டோபர் 27, திங்கள்

தூறல். ஏ ஷிப்ட், காலையிலேயே கம்பெனி பஸ். இருங்காட்டுக்கோட்டை கிடங்கில் பாதிச் சரக்கு வரவில்லை, ஃபோர்க்லிஃப்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கூட வேலை பார்க்கும் தாஸிடம் மூடி விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"கேமராண்ணே."

"பம்பர்லயா?"

"பின்ன, உன் மூஞ்சிலயா வெப்பானுங்க? வித்தவனே வெச்சிருப்பான். நீ எங்க போற, எங்க நிறுத்துற, எல்லாம் பாத்துகினு இருப்பான். ஒரு நாள் இன்னொரு சாவி போட்டு எத்துகினு போய்டுவான்."

சாயங்காலம் மூடிமேல் கறுப்பு டேப் ஒட்டினேன். மைக்கும் இருக்கலாம் என்று வண்டிக்குப் பக்கத்தில் வாயே திறக்கவில்லை. கோமதி வாசலுக்கு வந்து காய் என்ன வாங்க என்று கேட்டாள். சைகையில் சொன்னேன். சுரைக்காய் வாங்கி வந்தாள். நான் காட்டியது கத்தரிக்காய்.

ராத்திரி சாப்பாட்டில் மகள் பவி ஒரு காகிதம் நீட்டினாள். ஒரகடத்தில் பம்பர் செய்கிற கம்பெனியில் மூன்று வருடமாக இருக்கிறாள். லைனில் இருந்து நாலு பேரை எடுத்துப் புனேவுக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களாம், திரும்பி வந்தால் சூப்பர்வைசர். பெண்பிள்ளைகளுக்கு வீட்டுச் சம்மதக் கையெழுத்து வேண்டும். சனிக்கிழமை கடைசி.

"பாக்கலாம்" என்றேன். பாக்கலாம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

கி.மீ. 48,206. அசையவில்லை. நல்லது.

அக்டோபர் 28, செவ்வாய்

வெயில். மழை விட்ட வெயில், மண்டையைப் பிளக்கிறது.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டு மெக்கானிக்கிடம் போனேன். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, அவர் காதுக்குள் போய் கேமரா என்றேன். வந்து பார்த்தார். டேப்பைப் பிய்த்தார். ஸ்க்ரூடிரைவரால் ஒரு நெம்பு. உள்ளே ஓட்டை, மரையோடு. அவ்வளவுதான்.

"டோயிங் கொக்கி மாட்ற எடம்ணே. வண்டி நின்னுட்டா கட்டி இழுக்கறதுக்கு. அந்தக் காலத்துல கொக்கி வெளியவே தொங்கும். இப்போ அழகு கெட்டுடும்னு மூடி போட்டு மறைச்சிட்றான். கொக்கி ஸ்டெப்னிகிட்ட கீது, பாரு. கேமராவாம்!"

கடைப் பையன்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி குழியில் ஜாக்கி, ஸ்பேனர், அதோடு முனையில் வளையம் வைத்த ஒரு இரும்புக் கம்பி.

அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ண்ணே, இத யாரோ மாட்டி இழுத்துகிறாங்க. மரையெல்லாம் சேறு. புது சேறு."

களிமண். நடுவில் ஒரு கோரைப் புல். எங்கள் மண்ணூர் ஏரி மண், எனக்குத் தெரியாதா.

ஆக என் வண்டி எனக்குத் தெரியாமல் ஏரிக்குப் போயிருக்கிறது. மாட்டிக்கொண்டிருக்கிறது. எதையோ கட்டி இழுத்திருக்கிறார்கள். பிறகு கழுவிவிட்டு, நிறுத்திய இடத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். கேமராவே தேவலாம். ஆதாரம் கலையக் கூடாது என்று மூடியை இருந்த கோணலிலேயே திருப்பி அமுக்கினேன்.

வரும்போது பி.பி. மாத்திரை வாங்கினேன். ஆடியில் படப்பையிலிருந்து வரும் வழியில், ஒரகடம் மேம்பாலம் இறங்கும்போது தலை சுற்றி ஓரம் கட்டியதிலிருந்து தினம் ஒன்று. அன்று அரைமணி நேரம் கோமதி முந்தானையால் விசிறினாள். பக்கத்தில் லாரிகள். "எனக்கு இத ஓட்டத் தெரிஞ்சா இப்டி நடுரோட்ல குந்திகினு இருப்பனா" என்றாள். "நீ மொதல்ல குக்கர் மூடிய ஒழுங்காப் போடு" என்றேன். மயக்கத்திலும் எனக்கு நக்கல். அவள் சிரிக்கவில்லை.

கி.மீ. 48,217. மெக்கானிக்குக்குப் போக வர பதினொன்று. சரி.

அக்டோபர் 29, புதன்

மேகமூட்டம். வந்ததும் முதலில் கி.மீ. பார்த்தேன். 48,225.

எட்டு! நான் ஷிப்டில் இருக்கும்போது எட்டு கிலோமீட்டர்.

நேராக மாடிக்குப் போனேன். செல்லத்துரை ஷிப்டுக்குக் கிளம்பாமல் படுத்திருந்தான். வார லீவாம். வாசலில் அவன் ஷூ, அடியில் சேறு.

"தம்பி, கார் ஓட்டத் தெரியுமா?"

"எனக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாதுல்லா அண்ணாச்சி. எதுக்குக் கேக்கிய?"

"ஷூவுல சேறு?"

"ஊரு பூரா சேறுதான அண்ணாச்சி. ஒங்க செருப்பப் பாருங்க."

பார்த்தேன். அவனுடையதைவிட அதிகம். ஆனாலும் பேசும்போது கேட் பக்கமே இரண்டு தடவை பார்த்தான்.

சாவி காலண்டர் ஆணியில் தொங்குகிறது. மாடிக்காரன் உள்ளே வந்து எடுக்க முடியாது. யாராவது கொடுத்தால்தான். யார் கொடுப்பார்கள்? கொக்கியில் புதுச் சேறு, போன வியாழன்தான் நல்ல மழை. அன்றுதான் பவி அரைநாள் லீவு போட்டாள், பல்வலி என்று. பவியும் அவனுமா? எழுதவே கை கூசுகிறது.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "புனேலாம் வேணாம்."

"ஏம்ப்பா?"

"வேணாம்னா வேணாம்."

"காரணம் சொல்லுப்பா."

"போன வியாழக்கிழமை எங்க போன?"

"பல் டாக்டர்கிட்ட. ஆ காட்டட்டா? அடைச்சது தெரியும்." வாயைத் திறந்தே காட்டினாள். அடைத்துத்தான் இருந்தது. அப்புறம் எழுந்து போய்விட்டாள், பாதிச் சோற்றில். கோமதி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். தட்டு தொட்டியில் டங்கென்று விழுந்தது. அது எனக்குப் புதிது.

அக்டோபர் 30, வியாழன்

காலையிலிருந்து மழை. கி.மீ. 48,225. மழை என்றால் ஓட்டமில்லை போல.

பவி என்னோடு பேசவில்லை. சாயங்காலம் கம்பெனி பஸ் இறங்கி வந்தவள், வண்டிக்கு முன்னால் குடையோடு நின்றுவிட்டாள். ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். (இப்போதெல்லாம் எல்லாரையும் ஜன்னலில் இருந்துதான் பார்க்கிறேன்.) குனிந்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ப்பா! யாருப்பா இத இப்டி மாட்டுனது?"

வெளியே போனேன். முகத்தையே பார்த்தேன். முழிக்கவில்லை.

"ஒரு காது, இந்தக் கிளிப்பு, ஒடைஞ்சிருக்கு பாரு. சாவியோ இன்னாவோ விட்டு நெம்பியிருக்காங்க. கீழ நோட்ச்னு சின்ன வெட்டு கீது, அதுல விட்டு நெம்பணும். இந்தப் பக்கம் காது உள்ள போகணும், அந்தப் பக்கம் அமுக்கணும்." ஒரு கையில் குடை. இன்னொரு கைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. டக். பட்டை மூன்றும் ஒரே கோட்டில். "இதான்ப்பா என் வேலையே. ஒரு ஷிப்டுக்கு எத்தினி மூடி போட்றேன் தெரியுமா? இவ்ளோ கோணலா விட்டா லைனையே நிறுத்திடுவாங்க."

உள்ளே போய்விட்டாள். நான் மழையில்.

மூன்று வருடமாக என் பெண் பார்க்கிற வேலை இந்த மூடி. எனக்குத் தெரியாது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம்: கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவள் இதைக் கோணலாக மாட்டியிருக்க முடியாது. அவள் கூட இருந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டாள்.

அப்படியானால் யார்?

ராத்திரி இட்லி. பொடி டப்பாவைத் திறக்க எடுத்தேன். மூடி கோணலாக உட்கார்ந்திருந்தது, ஒரு பக்கம் தூக்கி. ஊறுகாய் பாட்டில், மரை ஏறாமல். சர்க்கரை டப்பா. குக்கர். இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் எறும்பு வருவதற்கு ஒரே காரணம்.

இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு கோமதியைப் பார்த்தேன்.

"இன்னாய்யா அப்டிப் பாக்கற? பொடி காரமா?"

"இல்ல."

இருக்கவே இருக்காது. இருக்குமா?

அக்டோபர் 31, வெள்ளி

வெயில். வேலைக்குப் போவதுபோல் கிளம்பி, கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டேன். டீக்கடையில் நாலு டீ. எட்டரைக்கு ஏரிக்கரைக் கருவேலமரத்தின் பின்னால். ஐம்பத்திரண்டு வயதில் சொந்த வண்டியைப் பிடிக்க முள்மரத்துக்குப் பின்னால் யூனிபார்மோடு குந்தியிருக்கிறவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. மெதுவாக, ஆனால் நேராக. பட்டை மின்னியது. ஸ்டியரிங்கில் கோமதி. பக்கத்தில் யாருமில்லை. கரையோர மைதானத்தில் ஒரு சுற்று. ரிவர்ஸ். ஒரு தடவை ஆஃப் ஆனது, அவளே திட்டிக்கொண்டாள், மறுபடி ஸ்டார்ட். நாலாவது சுற்றில் மரத்துக்கு நேராக வந்து நின்று கண்ணாடியை இறக்கினாள்.

"முள்ளு குத்தப் போவுது. ஏறு."

ஏறினேன். இடது பக்கம். அந்தப் பக்கக் கதவு எப்படித் திறக்கும் என்றே ஒரு நொடி தெரியவில்லை.

"எப்பப் பாத்த?"

"மொத சுத்துலயே. உன் யூனிபார்ம் நீலம், மரம் பச்சை."

முன்னால் இருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னாள். இன்சூரன்ஸ் காகிதத்துக்கு அடியில் லைசன்ஸ். அவள் படம். ரேஷன் கார்டுக்கு என்று நானே கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்த படம். நான் ஏ ஷிப்டுக்குப் போகிற வாரமெல்லாம் படப்பை டிரைவிங் ஸ்கூல். ஆடியில் மேம்பாலத்துக்குக் கீழே உட்கார்ந்தாளே, அதற்கு மறுவாரமே சேர்ந்துவிட்டாளாம்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா குக்கர் மூடின்னுவ."

லைசன்ஸை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

போன வாரம் வியாழன் மழையில் வண்டி சேற்றில் இறங்கிவிட்டதாம். டிராக்டர்காரர் கயிற்றைப் பம்பரிலேயே கட்டப் போனார். "கட்டியிருந்தா பம்பரு கையோட வந்திருக்கும். நான்தான் இருங்கன்னேன். மூடிக்குள்ள மரை கீதுன்னு பவி சொல்லிக்கினே இருப்பா. கொக்கி ஸ்டெப்னிகிட்ட கீதுன்னும் சொல்லும். வூட்டுச் சாவியால நெம்புனேன். கொக்கிய மாட்டி, வளையத்துக்குள்ள ஸ்பேனர வுட்டு இறுக்குனேன். ஒரே இழுப்பு, வந்துட்ச்சி. அந்தாளே கேட்டாரு, மெக்கானிக்கு வூடாம்மான்னு."

"பவி எப்பச் சொன்னா?"

"தெனம் சாப்புடும்போது. உனக்குந்தான் சொல்லும். நீ போனப் பாத்துகினு ம், ம்-னுவ."

"அவளுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. செல்லத்துரை தம்பிக்குத் தெரியும். அதுதான் கேட்டத் தொறந்து வுடும்."

சைக்கிள்காரன்! பார்த்துக்கொள்கிறேன் அவனை.

வீடுவரை அவளே ஓட்டினாள். கேட்டுக்குள் ஏற்றும்போதுதான் கேட்டாள், என்னைப் பார்க்காமல். "பொண்ணு மேல எதுக்குய்யா சந்தேகப்பட்ட?"

இறங்கினேன். கேட்டைச் சாத்தினேன்.

நவம்பர் 1, சனி

மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

காலையில் பவியிடம் காகிதத்தைக் கேட்டேன். "எதுக்கு, கிழிக்கவா?" என்றாள். புதன்கிழமை நினைத்ததை நினைத்தபடி சொன்னேன், செல்லத்துரை பெயர் உட்பட. காகிதத்தை மடித்தாள், பிரித்தாள். அப்புறம், "அந்த அண்ணனா? அது கேட்டத் தொறக்கவே பயப்படுமேப்பா." சிரிக்கவில்லை. மன்னித்தாளா என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே கோமதியையும் போடச் சொன்னேன். ஒன்று போதும் என்றாள் பவி. இருக்கட்டும் என்றேன்.

கடைசி நாள், பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். ஆணியில் இருந்து சாவியை எடுத்தது கோமதி. பவிக்கு நேற்று ராத்திரியே சொல்லியாயிற்று. கிளம்பும் முன் நான் பார்த்தது: டயரில் காற்று, டிக்கியில் கொக்கி (சேறு கழுவியாயிற்று), பம்பரில் மூடி. நேராக இருக்கிறது.

ஒரகடம் மேம்பாலம் இறங்கும்போது பக்கத்தில் கண்டெய்னர் லாரி. கோமதி வேகத்தைக் குறைக்கவே இல்லை. பின் சீட்டிலிருந்து பவி, "ப்பா, அந்தப் பக்கம் பிரேக் கெடையாதுப்பா."

தெரியும். கம்பெனி கேட் வரும்வரை அமுக்கிக்கொண்டேதான் இருந்தேன்.