எல்லை வரிசைத் தக்காளி

ஜூன் 3
இன்று ஆறு தோட்டம். இயற்கை விவசாய மானியத்துக்கு மனு போட்டவர்களின் தோட்டங்களில் காய் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். போகிற இடமெல்லாம் "உட்காருங்க சார்" என்று நேரத்தைத் தின்கிறார்கள். கடைசியாக ஒரு தக்காளிக்காரம்மா. மழை பெய்து உள்ளே ஒரே சேறு. ஓரத்திலேயே பறித்துப் பையில் போட்டேன். "தம்பி, உள்ள வந்து எடுங்க, அது வந்து—" என்று ஆரம்பித்தார். "இதைப் படிச்சிட்டுத்தாம்மா வேலைக்கே வந்திருக்கேன்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டார். ஐந்து மணிக்கு முன்னால் ஆபீஸ் திரும்பியாயிற்று.

ஜூன் 14
முடிவு வந்தது. ஐந்து சுத்தம். தக்காளிக்காரம்மாவின் மாதிரியில் மட்டும் பூச்சிமருந்து. மனு தள்ளுபடி, விதிப்படி இனி மூன்று வருடம் மனு போட முடியாது. இப்படிப்பட்ட ஆட்களால்தான் திட்டத்துக்கே கெட்ட பேர்.

ஜூன் 17
ஆபீஸுக்கே வந்துவிட்டார். "மருந்து டப்பாவைத் தொட்டு நாலு வருஷமாச்சு தம்பி. முடிவைக் கேட்டதும் நான் காய் போடுற கடைக்காரர் என் கூடையைத் தூக்கிச் சாதாரணக் காய் பக்கம் போட்டுட்டார், எல்லார் முன்னாடியும்."
"மிஷின் பொய் சொல்லாதும்மா" என்றேன்.
வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். அக்கா விடவில்லை: "மிஷின் பொய் சொல்லாது, சரி. அதுக்குத் தீனி போட்டது யாருடா?"

ஜூன் 18
அக்கா சொன்னது காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எரிச்சல்.

ஜூன் 19
மாதிரி எடுத்த இடத்தில் பிடித்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் மாதிரிப் பைக்குப் பின்னால் குச்சிகளில் சிவப்புத் துணி. வரிசையாக.
பக்கத்து வயலில் அடிக்கிற மருந்து காற்றில் வந்து விழும் என்பதால் ஓரத்தில் நாலு வரிசை விட வேண்டும். எல்லை வரிசை. அதில் காய்த்ததை இயற்கைக் காய் என்று விற்கக் கூடாது. மாதிரியும் அங்கே எடுக்கக் கூடாது. நேர்முகத் தேர்வில் இந்த விதியை மூச்சு விடாமல் ஒப்பித்தவன் நான். அந்தம்மா துணி கட்டிக் காட்டியிருக்கிறார். வாயாலும் சொல்ல வந்தார். அரை நிமிஷம் கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? ஷூவுல சேறு படக் கூடாதாம். சீ.

ஜூன் 22
மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டும். அதுதான் காரணம். வேறு பெயர் வைத்து ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

ஜூன் 23
மேலதிகாரியிடம் சொன்னேன். "முடிஞ்சதை ஏன்யா நோண்டுற? எழுதிக் கொடுத்தா உன் ஃபைல்லதான் ஏறும்."
"ஏறட்டும் சார்." வீரமாகவெல்லாம் சொல்லவில்லை, மேஜையைப் பார்த்துத்தான் சொன்னேன்.
'சேற்றுக்குப் பயந்து எல்லை வரிசையில் எடுத்தேன்' என்று எழுதினேன். 'சேற்றுக்குப் பயந்து' என்பதை இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் திரும்ப எழுதினேன்.

ஜூன் 24
தோட்டத்துக்குப் போய்ச் சொன்னேன். திட்டுவார், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று இருந்தேன். திட்டவில்லை. "கடையில என்னைத் தலைகுனிய வெச்சீங்க. அங்க வந்தும் இதையே சொல்லுங்க."
போனேன். நல்ல கூட்டம். சொன்னேன். "பெரிய படிப்பு படிச்ச புள்ள போல!" என்று யாரோ பின்னாலிருந்து. திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 20
வேறு ஆய்வாளர் போய் மறுபடி மாதிரி எடுத்தார். சுத்தம். அந்தம்மாவுக்கு மானியம் உறுதி. என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போயிருக்கிறது. தள்ளட்டும்.

ஜூலை 28
அக்கா வேண்டுமென்றே அந்தக் கடைக்குத்தான் அனுப்பினாள். கூடை பழையபடி இயற்கைக் காய் அலமாரியில். அந்தம்மாவும் அங்கேயே நின்று அடுக்கிக்கொண்டிருந்தார். நழுவப் பார்த்தேன்.
"தம்பி, பையை விரிங்க."
ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் போட்டார். "பயப்படாதீங்க. எல்லாம் நடுவுல பறிச்சது."
கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது. அந்தம்மா போட்டு முடிக்கும்வரை பையை விரித்துப் பிடித்தபடியே நின்றேன்.