சிவப்புத் திட்டு

செப்டம்பர் 9
கடல்வள அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். இன்றும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் செயற்கைக்கோள் படம் வந்தது! எங்கள் தீவின் ரேவா ஆறு கடலில் கலக்கும் இடம் முழுவதும் ஒரே திரையில். பிறந்தது முதல் முழங்கால் சேற்றில் நின்று பார்த்த தண்ணீர். அதற்கு இப்படியொரு முகமா?

செப்டம்பர் 12
நிறத்தை வைத்து நீரின் தரம் பிரித்தோம். தெளிந்த நீர் நீலம், பாசி மண்டிய நீர் சிவப்பு. அம்மாவும் லிட்டியா அத்தையும் சிப்பி பொறுக்கும் திடல் முழுக்கச் சிவப்பு.
"அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துல சொல்லிடலாம். அங்க சிப்பி எடுக்கறத நிறுத்தணும்," என்றார் மேலாளர் இசிரேலி.
தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

செப்டம்பர் 13
அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுப்பில் தேங்காய்ப்பாலில் சிப்பி கொதித்தது.
"உன்னைப் படிக்க வச்சதே அந்தச் சிப்பிதாண்டி. இப்ப அது கெட்டுப்போச்சா?"
"அந்தக் கேமராவைக் கீழ இறங்கி மோந்து பாக்கச் சொல்லு," என்று சிரித்தாள் அத்தை.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே கெட்டிருந்தால்? நாங்கள் மட்டுமா, ஊரே அல்லவா தின்கிறது…

செப்டம்பர் 15
பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆற்றுக் கலங்கல் கடலேற்றத்தோடு உள்ளே வருகிறது, வற்றும்போது வெளியே போகிறது. சிவப்பு மங்குகிறது, அடர்கிறது. இடம் மட்டும் மாறவேயில்லை. மிதக்கிற பாசி எப்படி நின்ற இடத்திலேயே நிற்கும்?
வேர் இருந்தால் நிற்கும்!

செப்டம்பர் 16
கடலேற்ற நேரத்தில் அத்தையின் படகில் திடலுக்குப் போனேன். நீரின் தெளிவைப் பார்க்கும் கறுப்பு வெள்ளைத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கலங்கல் என்றால் பாதியில் மறைந்திருக்கும். அடியில் போய் உட்காரும்வரை பளிச்சென்று தெரிந்தது. சுற்றிலும் கடற்புல், கண்ணுக்கு எட்டியவரை.
"புல்லைப் பாக்கவா என்னை இழுத்துட்டு வந்தே?"
அத்தனை உயரத்தில் பறக்கிற ஒரு கண், நாங்கள் மிதித்து நடக்கும் புல்லைத் தண்ணீருக்குள் பார்த்திருக்கிறது. நாங்கள்தான் அதற்கு அழுக்கு என்று பெயர் வைத்துவிட்டோம். பரிசோதனைக்கும் நீர் எடுத்துக்கொண்டேன். என் ஆசையை நான் நம்பக்கூடாது.

செப்டம்பர் 19
கூட்டம். நானாகவே எழுந்தேன்.
"அது பாசியில்ல, சார். அடியில இருக்கற புல்லு. தண்ணி சுத்தம்னு பரிசோதனையும் சொல்லுது."
இசிரேலி படங்களை மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"
"அன்னிக்கு எனக்கும் தெரியாது, சார்."

அக்டோபர் 2
புது வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திடல் இப்போது கடற்புல்லின் பச்சையில் இருக்கிறது.
"இந்தப் படம் எடுத்தப்ப நீயும் அத்தையும் அங்கதான் நின்னுட்டிருந்தீங்க, அம்மா."
"முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல சுலுத் துணியா இடுப்புல கட்டிட்டுப் போயிருப்பேனே!"
சொல்லிவிட்டு, சிப்பிக் கூடையை இடுப்பில் வைத்தபடியே வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.