பிரிட்ஜின் மேல்தட்டு

ஜூன் 4, புதன்

சின்னவளோடு பேச்சு நின்று பத்து நாளாகப் போகிறது. பிரிட்ஜில் மேல்தட்டு யாருக்கு என்பதுதான் வழக்கு. எங்களைக் கட்டிய அண்ணனும் தம்பியும் வாயைத் திறப்பதில்லை, கெட்டிக்காரர்கள். எனக்கென்ன, கொழுந்தன் பெண்டாட்டிதானே, அவளாக வந்து பேசட்டும்.

ஜூன் 7, சனி

நடந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

நாளை நாத்தனார் வருவதாக இருந்தது. காலையில் குளியலறைத் தரையில் ப்ளீச் ஊற்றி, ஊறட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனேன். பேச்சிருந்தால் ஒரு குரல் கொடுத்திருப்பேன். அவளுக்கும் நாத்தனாரிடம் நல்ல பெயர் வேண்டுமே! அதே தரையில் ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறாள். அவளுக்கு ஜலதோஷம், ப்ளீச் வாடை தெரியவில்லை. ஈரத்தைப் பார்த்து நான் குளித்த தண்ணீர் என்று நினைத்தாளாம். ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் விஷவாயு கிளம்புமாம்.

இறங்கி வரும்போது இருமல் சத்தம். என்னைக் குத்திக்காட்டத்தான் இருமுகிறாள் என்று நினைத்தேன். பிறகு வாளி உருண்டது. கதவைத் திறந்தால் — ஐயோ, கண்ணிலும் மூக்கிலும் மிளகாய்ப்பொடி அப்பியது போல் எரிச்சல். சுவரைப் பிடித்தபடி குனிந்து நிற்கிறாள்.

"வெளிய வாடி!"

இத்தனை நாளில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. மூச்சை அடக்கி, எட்டிக் கையைப் பிடித்து இழுத்து, தெருவாசலில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். கீழ்வீட்டம்மா டம்ளரோடு ஓடிவந்தார். "பாலைக் குடுங்க, விஷத்தை முறிச்சிடும்!" நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் அதட்டினாள்: "வாயில எதையும் ஊத்தாதீங்க. காத்தாட உக்கார வையுங்க. துணியை மாத்திட்டு, கண்ணு, கை காலெல்லாம் நல்லாத் தண்ணியில கழுவுங்க. அந்த ரூமுக்குள்ள யாரும் போகாதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க."

தரையைக் கழுவிவிடுகிறேன் என்று கிளம்பிய என் வீட்டுக்காரரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

டாக்டர் சாயங்காலம்வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். "இப்ப நல்லாத்தான் தெரியும். நுரையீரல் பாதிப்பு மெதுவாக்கூட வெளிய வரும். மூச்சு வாங்கினா யோசிக்காம வந்துடுங்க."

வாயை மூடிக்கொண்டதற்கு இப்படி ஒரு தண்டனையா? அதுவும் அவளுக்கா?

ஜூன் 8, ஞாயிறு

நாத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று.

காலையில் சின்னவள், "நல்லாத்தான்" என்றாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள். அப்புறம்தான் "இருக்கேங்க்கா" வந்தது. இவளா? பிரிட்ஜ் சண்டையன்று என் ஏழு தலைமுறையையும் நிறுத்தாமல் இழுத்தவள்! உடனே ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன்.

"சாயங்காலம் பாத்துக்கலாம் அண்ணி" என்றான் கொழுந்தன்.

"நீ பாப்பே, அதுவரைக்கும் அவ இருக்கணுமே!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் வண்டி வந்துவிட்டது.

நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறதாம். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம்வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "நல்ல வேளை, இப்பவே கூட்டிட்டு வந்தீங்க" என்றார் டாக்டர்.

ஜூன் 9, திங்கள்

ஐ.சி.யு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையசைத்தாள். நான் அசைக்கவில்லை. எங்கே அசைப்பது, கை வந்தால்தானே.

ஜூன் 14, சனி

வீட்டுக்கு வந்துவிட்டாள். குளியலறைக்கு இனி சோப்புத் தண்ணீர் மட்டும்தான், அதுவும் சொல்லிவிட்டுத்தான். பேசுகிறாள், ஆனால் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிற்கிறாள். அவள் நிற்கும்போதெல்லாம் கைவேலையை விட்டுவிட்டு அவள் வாயையே பார்க்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் மேல்தட்டில் என் காய்கறிப் பையைத் திணித்து வைத்தேன். வேண்டுமென்றுதான்.

பிரிட்ஜைத் திறந்தாள். "ஏங்க்கா, ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு எனக்குன்னு கேட்டேன், அதையும் விடமாட்டீங்களா, நான் என்ன இந்த வீட்டுக்கு வாடகைக்கா வந்திருக்கேன், கேக்க நாதியில்லைன்னு நெனச்சீங்களா, இருங்க, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்..."

எங்கேயும் நிற்கவில்லை. இருமவும் இல்லை. பிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

"இப்ப எதுக்கு அழறீங்க?" என்று அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.