நூறு சதவீதம் என்று நான் போட்ட கையெழுத்து

மேலமணற்குப்பம்,
24.9.2024

என் செல்ல மகள் பவானிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினமும் பேச்சு. போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ நடுவில் நூறு கேள்வி கேட்பாய், உன் அம்மா போனைப் பிடுங்குவாள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. கோபம் என்மேல்தான், காரணமும் இருக்கிறது.

போன வருடம் வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் போடும் வேலை நம் ஊரில் நடந்தது உனக்குத் தெரியும். தெருவெல்லாம் தோண்டிக் குழாய் பதித்து, காலனித் தெரு வரைக்கும் வாசலுக்கு வாசல் குழாய் நட்டார்கள். ஆனால் கடைசியில் இருக்கும் காலனிக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அங்கே தனியாக ஒரு சின்ன டேங்க் வேண்டும், அதற்கான பணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம், முதலில் வேலை முடிந்ததாகத் தீர்மானம் கொடுங்கள் என்றார் கான்ட்ராக்டர். ஊராட்சித் தலைவர் என்ற முறையில் எனக்கும் அவசரம். முதலில் முடித்த ஊர் என்று பெயர் வாங்கும் ஆசை, மறைக்க மாட்டேன். அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று மற்ற தெருக்களுக்கு வால்வை அடைத்துவிட்டுக் காலனிக்கு மட்டும் திறந்தோம். வால்வைத் திருகியது நான்தான். அரை மணி நேரம் தண்ணீர் கொட்டியது. காலனிப் பக்கிரியின் மனைவி விருத்தாம்பாள் குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள், அதைப் போட்டோ எடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் காலனி ஜனங்களும் கிராம சபைத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நூறு சதவீத வீடுகளுக்கும் தண்ணீர் வருகிறது என்பதற்குக் கீழே நானும் போட்டேன். கடலூரில் எனக்குச் சால்வை போட்டார்கள், அந்தப் படத்தை நீ உன் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாய். மறுநாளிலிருந்து காலனியில் ஒரு சொட்டு வரவில்லை.

அந்தச் சின்ன டேங்குக்காக மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்றாம் முறை அதிகாரி ஃபைலை என் பக்கம் திருப்பி, ‘முடிஞ்சுபோன வேலைக்கு எப்பிடிங்க பணம் ஒதுக்குறது, இது உங்க கையெழுத்துதானே’ என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். கழிவுநீர் வாய்க்காலுக்கு வந்திருக்கும் பணத்தையாவது மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன், அது அதற்கு மட்டும்தான் என்றார்கள். போன மாதம் விருத்தாம்பாள் வயல் போர்செட்டிலிருந்து குடம் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டும்போது பைக் மோதி, இடுப்பெலும்பு உடைந்து சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்கப் போனேன். ‘பணம் வரலேன்னா நீங்க என்னா பண்ணுவீங்க தலைவரே, நீங்களும் எம்மாந்தூரம் அலையிறீங்க’ என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். வாங்கிப்போன பழத்தை வைத்துவிட்டு வால்வு விஷயத்தைச் சொல்லாமல் வந்துவிட்டேன். பவானி, என் ஆயுளில் நான் அப்படிக் கூனிக் குறுகியதில்லை.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபை. அந்தத் தீர்மானம் பொய், கையெழுத்து என்னுடையது, ரத்து செய்யுங்கள் என்று நானே எழுந்து சொல்லப்போகிறேன். அது ரத்தானால்தான் காலனிக்குப் பணம் கேட்க வழி உண்டு. ஊராட்சிச் செயலர் செந்தமிழ்செல்வன், ‘இன்னும் மூணு மாசத்துல ஒங்க பதவியே முடியப்போவுது, கம்முனு இருங்க, எனக்கும் வேலை போயிடும்’ என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தீர்மானத்தை எழுதச் சொன்னது நான்தான் என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசாரணை வரலாம், கேஸும் வரலாம். அம்மாவின் பயம் வேறு. உனக்குப் பேசிக்கொண்டிருக்கும் செம்மண்டலத்து வீட்டார் காதுக்குப் போனால் சம்பந்தம் நின்றுவிடுமாம். ‘பொண்ணு வாழ்க்கையிலயா கை வெக்கிறீங்க’ என்று அழுகிறாள். அவள் பயம் பொய்யில்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அனுமதி கேட்கவில்லை.

நேற்று விருத்தாம்பாள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு முதலில் சொல்வதுதான் முறை என்று பட்டது, மனசும் லேசாகும் என்று நினைத்தேன். கட்டிலில் படுத்தபடியே கேட்டாள். பிறகு, ‘எங்கிட்ட தனியா சொல்லி என்னா ஆவப்போவுது, கூட்டத்துல சொல்லுங்க’ என்றாள். தலைவரே என்று கூப்பிடவில்லை.

உனக்குத் தில்லைக்காளி துணையிருப்பாள், எந்தக் குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை பேசு. இது உன் கைக்கு வரும்போது கூட்டம் முடிந்திருக்கும். யாராவது வீடியோ அனுப்புவார்கள். அப்பா தலைகுனிந்து நிற்கிறாரே என்று பாதியில் நிறுத்திவிடாதே, கடைசி வரை பார்.

ஆசிகளுடன் உன் அப்பா,
சுப்பராயலு