நாற்பத்தொரு டிக்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவையும் கேட்கத்தான் போகிறேன், ஆனால் வழக்கம்போல முதல் வரியில் கேட்டு, பதிலையும் நானே சொல்லிக்கொள்ளப் போவதில்லை. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, உன் தம்பி நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லி ஒரு மாதம் ஆகிறது.

எங்கள் மருந்துக் கிடங்கில் காலையில் ஒரு தாள் நிரப்புகிறோம். சின்ன வயசுப் பிள்ளைகள் வேலை அழுத்தத்தில் மனசு உடைந்துபோகிறார்கள் என்று தலைமை அலுவலகம் கொண்டுவந்தது. சூப்பர்வைசரான நான் ஒவ்வொருவரையும் நேரில் கேட்டு நலம் அல்லது நலமில்லை என்று டிக் போட வேண்டும். நலமில்லை என்றால் அவரோடு கால் மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். முப்பது பேர் இருக்கிற இடத்தில் அதற்கெல்லாம் ஏது நேரம்? நான் டீ குடித்துக்கொண்டே, அவர்கள் வந்து சேரும் முன்பே எல்லோருக்கும் நலம் போட்டுவிடுவேன். லேபிள் மேசையில் ஒரு பெண், உன்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் வேகத்தைப் பார்த்து எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடுவோம். கொஞ்ச நாளாக ஒரே பாட்டிலில் இரண்டு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். "கண்ணை எங்க வெச்சிருக்க?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். "ஒண்ணுமில்ல சார்" என்றாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூச்சு முட்டுகிறது, அழுகை நிற்கவில்லை. அவள் அண்ணன் வந்து கூட்டிப்போனான். மேனேஜர் தாள்களை எடுத்துப் பார்த்தார். நாற்பத்தொரு நாளும் அவள் பெயருக்கு நேரே நலம். "நம்ம பக்கம் தப்பே இல்ல, பேப்பரெல்லாம் பக்காவா இருக்கு" என்று என் தோளைத் தட்டினார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன் பாப்பா. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய், அந்தப் பெண்ணை நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்களோ, பயமாகத்தான் இருக்கிறது. நேற்று அவள் வீட்டுக்கும் போனேன். டாக்டரைப் பார்க்கிறாளாம். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், "என் மேசை இருக்குமா சார்?" என்று மட்டும் கேட்டாள். இருக்கும் என்றேன்.

வரும் வழியெல்லாம் உன் நினைப்புதான். மூன்று மாதமாக நீயும் போனில் "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் சொல்கிறாய். அம்மா என் முகத்தைப் பார்ப்பாள், நல்லாத்தான் இருக்கா என்று சொல்லிவிடுவேன். அதுவும் நான் போட்ட டிக்தான். உன் குரல் கம்மியிருந்தது எனக்குக் கேட்கத்தான் செய்தது.

வேலையை விடச் சொல்லவில்லை. உன் ஆபீஸில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல், டாக்டரிடம் போகக் கூச்சப்படாதே. உன் கீழே வேலை பார்க்கும் இரண்டு புதுப் பிள்ளைகளையும் முகம் பார்த்துக் கேள். நீ தைரியமாக இருக்க என் ஆசீர்வாதம், தைரியம் இல்லாத நாளுக்கும் சேர்த்துத்தான். ஒன்றை மறக்காதே. பதிலில் நலம் என்று மட்டும் எழுதி அனுப்பாதே, அதை நானே போட்டுக்கொள்வேன். இது கைக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு, நான் கூப்பிடுகிறேன். கால் மணி நேரம் எடுத்து வை. நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, நான் லைனில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இந்த வாரம் நன்றாக இல்லாத
உன் அப்பா